ராக்கெட்டுக்கு வைத்த பொட்டு

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் இரண்டாவது நெருப்பு. முதல் நெருப்பை யாரும் பற்ற வைத்துவிடலாம். தள்ளி நின்று பொத்தானை அழுத்தினால் கம்பி வழியே மின்சாரம் போய்க் கீழ் அடுக்கைப் பற்ற வைக்கும், ராக்கெட் கிளம்பிவிடும். ஆனால் இரண்டடுக்கு ராக்கெட்டில் மேல் அடுக்குக்குக் கம்பி கிடையாது. கீழ் அடுக்கு எரிந்து தீரும் நொடியில் அதன் கடைசி நெருப்பு குழாய்க்குள் மேலே பாய்ந்து, மேல் அடுக்கைப் பற்ற வைத்துவிட்டு, தான் கழன்று விழ வேண்டும். அது நடக்கும்போது ராக்கெட் தென்னை மர உயரத்தைத் தாண்டியிருக்கும். அங்கே போய் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கீழே மேசையில் ஒழுங்காக வேலை செய்திருந்தால் பற்றும், இல்லாவிட்டால் பற்றாது.

ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு இந்த ஆசை ஏன் என்று கேட்பவர்களுக்கு என் வேலையைச் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கிறது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பாகங்களைச் சோதிக்கிறேன். உலோக வளையம், குழாய், மூடி என்று வரும். அளந்து பார்த்து நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கர், மோசத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். பிறகு அவை பெட்டிக்குள் போகும், பெட்டி கப்பலுக்குப் போகும். எந்த நாட்டில் எந்த இயந்திரத்தில் அவை பொருந்துகின்றன, சுழல்கின்றனவா, நின்றுபோகின்றனவா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை, என் கையால் செய்த ஒன்று தன் வேலையைச் செய்து முடிப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைப் பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே 'சிவப்பு ஸ்டிக்கர்' தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் திறந்த நாளில்தான் நான் முதலில் மாதிரி ராக்கெட்டைப் பார்த்தேன். அங்கே கற்பிக்கும் ஒரு மலாய்க்கார விரிவுரையாளர், பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழு நடத்திவந்தார். அன்றே பெயர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பேச்சு குறைவு, கை வேலை சுத்தம்.

"ராக்கெட்டா? தீபாவளிக்கு வாங்குவோமே, அதுவா?"

"இல்லங்க. நம்மளே செய்யுறது."

"செஞ்சி?"

"மேல விடறது."

"விட்டு?"

"கீழ வரும்."

 "திரும்ப இங்கதான் வரப்போவுதுன்னா இங்கயே வெச்சிரலாமே லா," என்றார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளும் வெட்டுக்கத்தியும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தவரும் அவரேதான்.

முதலில் ஓரடுக்கு ராக்கெட் மூன்று செய்தோம். மூன்றும் போயின, மூன்றும் வந்தன. நான்காவது இரண்டடுக்கு என்று சொன்னதும் குழுத் தலைவர் தயங்கினார். "காக், சபார்," என்றார். மலாயில் அக்கா, பொறுமை என்று அர்த்தம். இரண்டடுக்கு செய்துதான் ஆக வேண்டுமென்றால் பெட்டியில் வரும் பாகங்களை வாங்கி ஒட்டச் சொன்னார். இன்னொருவர் செய்த பாகத்தைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு, விடுமுறை நாளிலும் அதையே செய்ய எனக்குப் பைத்தியமா என்று கேட்டுவிட்டேன். எல்லாவற்றையும் நானே செய்வதென்று ஒற்றைக் காலில் நின்றேன்.

மோட்டாரை மட்டும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இதில் மோட்டார் என்பது விரல் தடிமனில் ஒரு காகிதக் குழாய், உள்ளே இறுக்கிய மருந்து. தலைவர் முறைப்படி அனுமதி வாங்கி வரவழைத்துப் பூட்டி வைத்திருப்பார், ஏவும் நாளில்தான் கையில் தருவார். இந்த இரண்டடுக்குக்கு என் பங்கில் இரண்டு ஏவுதலுக்கான மோட்டார் மட்டுமே இருந்தது. நாங்கள் ஏவும் இடத்துக்கும் ஆயுள் குறைவு. ஈப்போவுக்கு வடக்கே ஒரு பழைய ரப்பர்த் தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. அதன் நடுவில் தோட்டத்துப் பந்துத் திடல் மட்டும் மிச்சம். வருடம் முடிந்ததும் அங்கே வீடு கட்டப்போகிறார்கள் என்று பலகை வைத்துவிட்டார்கள். நானும் கணவரும் இது போன்ற தோட்டங்களில் பிறந்தவர்கள்தான். அதை நினைத்து உருக எங்களுக்கு ஒன்றும் இல்லை. திடல் தட்டையாக இருந்தது, மேலே மின்கம்பி இல்லை, அது போதும்.

குழாய் செய்வதிலேயே முதல் அடி விழுந்தது. தெருமுனையில் உணவகம் நடத்தும் முஸ்லிம் அண்ணனிடம் போய், "அண்ணே, நாசி லெமாக் கட்டுற பேப்பர் ஒரு கட்டு குடுங்க," என்றேன்.

"எத்தன பேருக்கு சமையல் தங்கச்சி?"

"ராக்கெட்டுக்குண்ணே."

"அப்ப சம்பல் தனியா கட்டணுமா?" என்றார்.

தேங்காய்ப்பால் சோற்றையும் சம்பலையும் கட்டித் தரும் அந்தப் பழுப்புத் தாளை பிளாஸ்டிக் குழாய் மேல் சுற்றிச் சுற்றிப் பசை தடவி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து குழாய் செய்தேன். மறுநாள் பார்த்தால் தாள் தானாகவே பிரிந்து மேசையில் படுத்திருந்தது. அந்தத் தாளின் உள்பக்கம் மெழுகு பூசியது என்பது சோற்றுப் பொட்டலம் பிரித்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பசை தடவும்போது மட்டும் மறந்துபோயிற்று. மெழுகில்லாத தாள் வாங்கி மீண்டும் சுற்றினேன். ஐந்து குழாய் சுற்றியதில் மூன்றுக்கு நானே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போட்டேன்.

துடுப்புகளை இலேசான பால்சா மரத்தில் வெட்டினேன். தலைக்கூம்பைக் கணவர் இழைத்தார். ராக்கெட்டை மெதுவாக இறக்கும் குடைக்கு ஆரஞ்சு நிறக் குப்பைப் பை. அதை இழுத்துக் கட்ட என் தையல் பெட்டியிலிருந்த இலாஸ்டிக். எல்லாம் சேர்த்த பிறகு ராக்கெட்டின் இடுப்பில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்க வேண்டும். தலை முன்னால் பார்த்தபடி சுற்றினால் வானத்திலும் நேராகப் போகும். வீட்டுக்குள் இடமில்லாததால் சந்தில் நின்று சுழற்றினேன். எதிர் வீட்டுப் பெண் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு, "என்னாக்கா, பேய் ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம், உன்னிடமிருந்துதான் தொடங்கப்போகிறேன் என்றேன்.

இரண்டு அடுக்கையும் இணைக்கும் மூட்டுதான் கதையின் நடுப்புள்ளி, அதனால் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மேல் அடுக்கின் அடியில் ஒரு காகித வளையம் ஒட்டியிருக்கும். அது கீழ் அடுக்கின் வாய்க்குள் செருகிக்கொள்ளும். இறுகினால் கழலாது, தளர்ந்தால் முன்பே கழன்றுவிடும். அதைச் செய்யும் பொறுமை எனக்கில்லை, கணவரிடம் கொடுத்தேன். "தூக்குனா கழரக் கூடாது, ஊதுனா கழரணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுக்கொண்டு மூன்று வாரம் உப்புத்தாளால் தேய்த்தார். இன்னொன்று, கீழ் அடுக்கின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு ஓட்டைகள், மிளகு அளவில். இரண்டு மோட்டாருக்கும் நடுவே குழாய்க்குள் காற்று அடைபட்டிருக்கும். கீழிருந்து நெருப்பு சீறி வரும்போது அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். வழி இல்லையென்றால், நெருப்பு வந்து சேரும் முன்பே காற்று மேல் அடுக்கைத் தள்ளிவிட்டுவிடும். நெருப்பு பின்னால் வந்து வெறும் வானத்தைச் சுட்டுவிட்டு அணைந்துபோகும். அந்த ஓட்டைகளை அளந்து குறித்தது நான். துளைத்தது அவர்.

ஏவும் நாள் காலையில் தலைவர் ராக்கெட்டைக் கையில் வாங்கி, மூட்டை இழுத்துப் பார்த்து, ஓட்டை வழியே ஊதிப் பார்த்து, அட்டையில் வரிசையாகச் சரி போட்டார். எனக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள். வெயிலில் காத்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. புந்தோங்கில் புது மோட்டார் சைக்கிள் கடையை விட்டு வெளியே வந்தால் நேராகக் கோயில் வாசலுக்குப் போகும். கணவரின் வேனுக்குப் பொட்டு உண்டு. எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்துக்கும் அரைக்கும் இயந்திரத்துக்கும் உண்டு. தொழிற்சாலையில் ஆயுத பூஜை அன்று அளவுக்கருவிகள் எல்லாவற்றுக்கும் நான்தான் வைப்பேன், சீன மேலாளர் சுண்டலுக்காக வாசலிலேயே நிற்பார். மூன்று மாதம் உயிரைக் கொடுத்துச் செய்த ராக்கெட்டைப் பொட்டில்லாமல் அனுப்புவேனா? பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக எடுத்து, ராக்கெட்டின் அடுக்குகள் சேரும் கழுத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் குங்குமம்.  கண்ணில் ஒற்றிக்கொண்டு கணவரிடம் நீட்டினேன், அவரும் ஒற்றிக்கொண்டார்.

என் முறை வந்தது. பொத்தானை அழுத்தினேன். சீறிக்கொண்டு நேராகப் போனது, ஒரு கோணல் இல்லை. கீழ் அடுக்கு எரிந்து முடிந்தது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு அடுக்கும் பிரிந்தன. மேல் அடுக்கு நெருப்பில்லாமல் இன்னும் கொஞ்சம் ஏறி, சாய்ந்து, மூக்குக் கீழாகச் செம்பனைக் காட்டுக்குள் விழுந்தது. குடையைத் தள்ளுவதும் மேல் மோட்டார்தான். அது பற்றாததால் குடையும் விரியவில்லை.

திடலில் இருபது பேராவது நின்றிருப்பார்கள். நான் கணவர் பக்கம் திரும்பினேன்.

"பாத்தீங்களா உங்க வேலைய? மூட்டு லூசு! மூணு வாரம் தேய் தேய்னு தேச்சீங்களே, இதுக்குத்தானா? ஒரு வேல, ஒரே ஒரு வேல குடுத்தேன், அதையும் ரோசாக் பண்ணிட்டீங்க!"

பாழாக்கிவிட்டீர்கள் என்று மலாயும் கலந்து கத்தியதால் தமிழ் தெரியாதவர்களுக்கும் நன்றாகவே விளங்கியது. தலைவர் தயக்கத்தோடு குறிப்பேட்டைத் திறந்தார். தோல்வியடைந்த ஒவ்வொரு ஏவுதலுக்கும் காரணம் எழுதிவைப்பது அவர் வழக்கம். "மூட்டு," என்றேன். "என் கணவர் செய்தது," என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை.

 கணவர் செம்பனைக்குள் நடந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் முள் கிழிக்க, மேல் அடுக்கோடு திரும்பி வந்தார். தலைக்கூம்பு உடைந்து, குழாயின் முன்பாதி நசுங்கியிருந்தது. அடிப்பகுதியில் அவருடைய மூட்டு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. விழுந்து அடிபட்ட மோட்டாரை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று தலைவர் வாங்கி வைத்துக்கொண்டார். இனி என் பங்குக்கு ஒரே ஒரு ஏவுதல் பாக்கி.

வேனில் திரும்பும்போது பாதி வழியில் அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"சின்ன வயசுல எங்கப்பா பெரட்டுல நின்னத பாத்திருக்கேன். தண்டல் திட்டுவாரு, நூறு பேரு பாத்துக்கிட்டு நிப்பாங்க. இன்னிக்கு நானு நின்னேன்."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிகாலையில் எல்லாத் தொழிலாளிகளையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். வேலை வாங்கும் தண்டல், முந்தின நாள் குறையை அங்கேதான் எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். என் அம்மாவும் நின்றிருக்கிறார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. மூட்டு தப்புதானே, தப்பைத் தப்பு என்றுதானே சொன்னேன் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை அவர் ஒரு திருமணத்துக்கு ஆட்களை ஏற்றிப் போயிருந்தார். நான் கீழ் அடுக்கை மேசையில் வைத்து, தொழிற்சாலையில் செய்வது போல ஆராய்ந்தேன். உள்பக்கம் மேல்விளிம்பு வரைக்கும் கரி. சரிதான், நெருப்பு மேலே வந்திருக்கிறது. அப்படியானால் ஓட்டைகள் வழியாகவும் புகை வெளியே வந்து, சுற்றிலும் கருப்பாக இருக்க வேண்டுமே. வெளிப்பக்கத்தைத் திருப்பினேன். ஓட்டையைக் காணோம்.

ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனப் பொட்டு இருந்தது, நடுவில் குங்குமம். வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது. எதிர்ப்பக்கம் திருப்பினேன். அங்கேயும் ஒன்று. ஒரு ஊசியால் நெம்பினேன், பெயர்ந்து வந்தது. அதன் உள்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது.

இயந்திரங்களில் திருகாணித் தலையிலும் பள்ளத்திலும் பொட்டு வைத்துப் பழகிய விரல் இது. சின்னப் பள்ளம் தட்டுப்பட்டதும் சந்தனத்தை அங்கேயே அழுத்திவிட்டிருக்கிறது. நானே அளந்து குறித்த ஓட்டை. நானே அடைத்தேன். அதைவிடப் பெரிய வெட்கம் வேறொன்று. சோதனை முடிந்து பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பாகத்தை எவரும் தொடக் கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பது நான். ஒரு பெண் நல்ல எண்ணத்தில், சோதித்து முடித்த வளையத்தைத் துணியால் துடைத்துவிட்டாள் என்பதற்காக நான் கத்திய கத்தலில், அவள் கழிவறைக்குள் போய் அரை மணி நேரம் அழுதாள். அன்று அவளிடம் நான் ஒரு விளக்கத்தையும் கேட்டுக்கொள்ளவில்லை.

மற்றப் பொட்டைப் பெயர்க்காமல் அப்படியே விட்டேன். கீழ் அடுக்கைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். அன்று சொல்லவில்லை. திங்கள் சொல்லவில்லை, செவ்வாய் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் உப்பு போதுமா, வேனுக்குச் சாலைவரி கட்டியாயிற்றா என்று வேறெதுவோ வந்தது. ஊரெல்லாம் கேட்கக் கத்தத் தெரிந்த வாய்க்கு, நாலு சொல் மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை.

வியாழன் மாலை தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், அவர் மேசையில் மேல் அடுக்கோடு உட்கார்ந்திருந்தார். எதிரே புதிதாகச் சுற்றிய காகித வளையங்கள் ஆறு. அதில் ஐந்தை அவரே சரியில்லை என்று ஒதுக்கியிருந்தார். கையில் சின்ன இரம்பம்.

"பழைய மூட்ட அறுத்துட்டு புதுசு போட்டுடுறேன். இந்தத் தடவ டைட்டா இருக்கும். கீழ் அடுக்க எங்க வெச்ச? அளவு பாக்கணும்."

"அறுக்காதீங்க," என்றேன்.

"ஏன்?"

அலமாரி மேலிருந்து எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டு," என்றார்.

"ஆமா."

"எங்க வெச்சிருக்க?"

 எதிர்ப்பக்கத்தில் திறந்திருந்த ஓட்டையைப் பார்த்தார். அதன் வழியே விளக்கைப் பார்த்தார். பிறகு பொட்டைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, துளைத்தவர் அவர்தானே.

"நான்தாங்க அடைச்சேன். உங்க மூட்டுல ஒரு தப்பும் இல்ல. ஞாயித்துக்கெழமையே பாத்துட்டேன். சொல்ல வரல."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். இரம்பத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? எங்க சொன்னியோ அங்க சொல்லு," என்றார். வளையங்களை வாரிக் குப்பையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்று ஒரு முடிவு எடுத்தேன். புது மூட்டு கூடாது. அதே மூட்டு, இன்னொரு தடவை உப்புத்தாள் கூடப் படக் கூடாது. புது மூட்டைப் போட்டு ராக்கெட் வென்றால், பார்த்தாயா, பழைய மூட்டுதான் கோளாறு என்பார்கள். அதே மூட்டோடு இரண்டாவது நெருப்பு பற்றினால்தான் அவர் வேலை சுத்தம் என்பதற்குச் சாட்சி. பற்றாவிட்டால் நான் என்ன சொன்னாலும், பாவம், புருஷனைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். கையில் இருப்பதோ ஒரே ஒரு ஏவுதல். அதுவரை அந்த நெருப்பு எனக்காக வேண்டியிருந்தது. இப்போது அவருக்காகவும் வேண்டியிருந்தது.

ஒரு மாதம் இருந்தது. தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நசுங்கிய குழாயை வெட்டி எறிந்து முன்பாதியைப் புதிதாகச் சுற்றினேன். கூம்பை இந்த முறை நானே இழைத்தேன், விரலில் இரண்டு வெட்டு. ஓட்டைகளைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன், என்னை நம்பி இனி எதையும் விடுவதாக இல்லை. கணவர் மேசைக்கு வரவில்லை. ஆனால் பசை தீர்ந்த மறுநாள், புதுப் பசை மேசையில் இருந்தது.

அந்த நாள் வந்தது. வீடு கட்டுவதற்காகத் திடலின் ஒரு மூலையில் ஏற்கெனவே குச்சி நட்டுச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். தலைவர் மோட்டார்களைக் கொடுக்குமுன், குறிப்பேட்டைத் தரும்படி கேட்டேன். முந்தின ஏவுதலின் பக்கத்தைத் திறந்து என் கையாலேயே அடித்து எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். போன முறை நான் எழுதவில்லை, கத்தினேன். எனவே நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னேன்:

போன மாதம் மூட்டு தப்பு என்று சொன்னேன். அது பொய்யாகப் போயிற்று. காற்று போகும் ஓட்டை இரண்டையும் நான் அடைத்துவிட்டேன், அதுவும் சோதனை முடிந்த பிறகு. என் கணவரின் மூட்டு நல்ல மூட்டு. இன்று பறக்கப்போவதும் அதே மூட்டுதான், மாற்றவில்லை.

 பின்னாலிருந்த ஒரு சீனப் பெரியவர், "எதால் அடைத்தாய்?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"சந்தனம்," என்றேன். "சாமிப் பொட்டு."

திடலே சிரித்தது. தலைவர் சிரிப்பை அடக்கக் குறிப்பேட்டால் வாயை மூடிக்கொண்டார். எனக்குக் காது மடல் கொதித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன். ஓடிப்போகக் கூடாது, முழுதாக நிற்க வேண்டும். வேன் பக்கத்தில் நின்ற கணவர் சிரிக்கவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு என் பக்கமாக நடந்து வந்தார்.

ஏவுகம்பியில் ராக்கெட்டை ஏற்றும்போது கேட்டார்: "பொட்டு வெக்கலயா?"

"எறங்கி வரட்டும்."

"சாமி கோச்சிக்கும்."

"சாமிக்கு ஓட்ட எதுக்குன்னு தெரியும்," என்றேன். மூட்டை மட்டும் அவரையே செருகச் சொன்னேன். செருகினார். தூக்கினார், கழலவில்லை.

எண்ணினார்கள். அழுத்தினேன். போனது. கீழ் அடுக்கின் புகை வெள்ளைக் கோடாக ஏறி, சட்டென்று நின்றது. ஒரு கண் இமைப்பு கூட இருக்காது.  பிறகு, நின்ற இடத்துக்கு மேலே, சின்னதாக, மஞ்சளாக, இரண்டாவது நெருப்பு. ராக்கெட் அதன் மேல் ஏறி மேகத்தை நோக்கிப் போனது. கீழ் அடுக்கு கரணம் போட்டுக்கொண்டு திடலில் விழுந்தது. மேலே எங்கோ ஒரு பொட்டு போல ஆரஞ்சுக் குடை விரிந்தது.

நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை. இருபத்திரண்டு வருடமாக முடிவைப் பார்க்காதவள் முடிவைப் பார்த்தேன்.

குடை காற்றில் செம்பனைப் பக்கம் ஒதுங்கியது. கணவர் பழக்கத்தில் அங்கே நடக்கத் தொடங்கினார்.

"நீங்க நில்லுங்க," என்றேன். "இன்னிக்கு நான் போறேன்."

செம்பனை முள் என்னையும் விடவில்லை. நான்கு வரிசை தாண்டி, தாழ்ந்த ஒரு மட்டையில் குடை மாட்டித் தொங்கியது. குச்சியால் தட்டி இறக்கி, முதலில் மோட்டாரின் வாயைத்தான் பார்த்தேன். கருப்பு. தொட்டுப் பார்த்தேன், கரி விரலில் ஒட்டியது. மூட்டைப் பார்த்தேன். ஓரம் லேசாகப் பொசுங்கியிருந்தது, வடிவம் மாறவில்லை.

திரும்பி வந்தபோது அவர் கீழ் அடுக்கைக் கையில் வைத்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்திருந்தார். நான் போட்ட சிவப்பு வட்டங்கள் மறையும்படி இரண்டு ஓட்டையைச் சுற்றியும் கரி படிந்திருந்தது. மேல் அடுக்கை வாங்கி அதில் செருகினார். ஊதினார், கழன்றது. திரும்பச் செருகினார்.

"கிண்ணத்த எடு," என்றார்.

"எங்க வெக்க?"

"போன தடவ வெச்ச எடத்துலயே வை லா. இப்ப எவ்வளவு வேணும்னாலும் அடைச்சிக்க."

சந்தனத்தைக் குழைத்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தேன். நடுவில் குங்குமம். அவர் ராக்கெட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நான் தொழிற்சாலையில் பார்ப்பது போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடது பக்கத்துப் பொட்டு கோணல்," என்றார். "ரிஜெக்ட்."

துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.